குச்சிக்கிழங்கும் மனித நரம்பும்: சேலம், நாமக்கல் சமவெளியின் ஒரு வரலாறு

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் குச்சிக்கிழங்கு என்றும் தமிழகத்தின் பிற பகுதிகளில் மரவள்ளி என்றும் வழங்கும் கிழங்கு, ஆத்தூரிலிருந்து இராசிபுரம், சேந்தமங்கலம் வரை பரந்து கிடக்கும் சமவெளியின் மண்ணையும் உழைப்பையும் வணிகத்தையும் ஏறத்தாழ எண்பது ஆண்டுகளில் மாற்றியமைத்த பயிராகும். அதன் வரலாறு வழக்கமாக ஆலைகளின் பெருக்கம், ஜவ்வரிசியின் விலை, உழவருக்கும் ஆலைக்காரருக்கும் இடையே நடக்கும் பேரம் ஆகியவற்றைக் கொண்டே சொல்லப்படுகிறது. ஆனால் அக்கிழங்கின் பச்சைச் சதையில் மனித நரம்பு மண்டலத்தைத் தாக்கவல்ல நஞ்சொன்றின் மூலப்பொருள் இருக்கிறது. அதே கிழங்கை அன்றாட உணவாகக் கொண்ட ஆப்பிரிக்கச் சிற்றூர்கள் பலவற்றில் ஆயிரக்கணக்கானோர் அந்நஞ்சால் நடக்கும் ஆற்றலை இழந்தனர். சேலத்துச் சமவெளியிலோ அத்தகைய முடக்கநோய்ப் பரவல் எதுவும் பதிவாகவில்லை. இவ்வேறுபாடு எவ்வாறு நேர்ந்தது என்பதை விளங்கிக்கொள்ள, ஆலையின் தொட்டியையும் மனிதனின் தண்டுவடத்தையும் ஒருசேர ஆராய வேண்டியிருக்கிறது.

தென்னமெரிக்காவில் தோன்றிய மரவள்ளி, போர்ச்சுக்கீசியரின் கடல்வழிகள் வாயிலாக ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் வந்தது. திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள், பஞ்சக் காலத்தில் ஏழைகளின் பசியைத் தணிக்கும் பயிராக அதனைத் தம் நாட்டில் பரப்பியவர் என்று நினைவுகூரப்படுகிறார். 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோனபோது, கேரள மக்களில் பெரும்பகுதியினரை உயிரோடு காத்ததில் இக்கிழங்குக்குப் பெரும் பங்குண்டு. அதே போர்தான் சேலத்தில் வேறொரு விளைவை உண்டாக்கிற்று. மலேயாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கப்பலில் வந்திறங்கிய ஜவ்வரிசி, அதாவது அந்நாடுகளின் சவ்வரிசிப் பனை மரத்தின் தண்டுச்சோற்றிலும் கிழங்கு மாவிலும் செய்யப்பட்டு இந்தியக் கடைகளை நிரப்பிய சரக்கு, அடியோடு நின்றது.

தொழில் வட்டாரத்தின் பதிவுகளின்படி, வணிகத்தின் பொருட்டுக் கேரளத்துக்கு அடிக்கடி சென்றுவந்த சேலத்து மாணிக்கம் செட்டியார், மலேயாவிலிருந்து வந்திருந்த போபட்லால் ஷா என்பவரிடம் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் நுட்பத்தை அறிந்து, 1943-இல் சேலத்தில் எளிய கருவிகளைக் கொண்டு அதனைத் தொடங்கினார். இயந்திரத் தேர்ச்சி மிக்க வெங்கடாசலக் கவுண்டர் அக்கருவிகளைச் செம்மைப்படுத்தினார். தொழில் வேர்விடும் முன்னரே ஒரு தடை வந்தது. 1944-இன் பஞ்சச் சூழலில், மனிதர் நேரடியாக உண்ணத்தக்க கிழங்கை ஆலைக்கு அனுப்புவது முறையன்று எனக் கருதிய மாவட்ட ஆட்சியர், ஜவ்வரிசி தயாரிப்பைத் தடைசெய்தார். உற்பத்தியாளர்கள் சங்கமாகத் திரண்டு முறையிட்டபின் அத்தடை நீங்கியது. பசித்த மக்களை எண்ணிப் பிறப்பித்த அவ்வாணையின் நோக்கத்தில் குறைகாண இடமில்லை. எனினும் பஞ்சமும் கசப்புக் கிழங்கும் பதப்படுத்தப் பொறுக்காத அவசரமும் ஓரிடத்தில் கூடினால் என்ன நேரும் என்பதற்குப் பிற்காலத்து மொசாம்பிக் சான்றாக நிற்கிறது. ஆகவே கிழங்கு உணவாகவே நின்றுவிடாமல் ஆலைச் சரக்கானது இவ்வட்டாரத்து மக்களின் உடல்நல வரலாற்றிலும் ஒரு திருப்பமாயிற்று.

கிழங்கிலுள்ள நஞ்சு, நஞ்சு வடிவிலேயே அங்கு இருப்பதில்லை. செடி தன்னைத் தின்ன வரும் உயிர்களிடமிருந்து காத்துக்கொள்ளும் பொருட்டு, லினமரின் என்னும் சேர்மத்தைத் தன் உயிரணுக்களுக்குள் ஒரு பையிலும், அதனைப் பிளக்கும் லினமரேஸ் என்னும் நொதியை உயிரணுச் சுவரிலும் தனித்தனியே வைத்திருக்கிறது. கிழங்கு நசுங்கும்போதும் துருவப்படும்போதும் இவ்விரண்டும் கலந்து, லினமரின் பிளவுற்று, ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படுகிறது. வறட்சியில் வளர்ந்த செடியில் இச்சேர்மத்தின் அளவு கூடுகிறது. சதையைவிடத் தோலிலும் இலையிலும் மிகுந்து காணப்படுகிறது. இரகத்துக்கு இரகம் வேறுபடுகிறது. பச்சைக் கிழங்கின் ஒரு கிலோவில் 50 மில்லிகிராமுக்குக் குறைவாகச் சயனைடு தரும் இரகங்களை இனிப்பு இரகங்கள் என்றும், அதற்கு மேற்பட்டவற்றைக் கசப்பு இரகங்கள் என்றும் பன்னாட்டு உணவுத் தரக் குழுமமான கோடெக்ஸ் பிரிக்கிறது.

இந்தச் சயனைடு ஏன் பிற உறுப்புகளைவிட நரம்பையே முதலில் வீழ்த்துகிறது என்பதற்கு நரம்பு மண்டலத்தின் அமைப்பிலேயே விடை இருக்கிறது. மூளையும் தண்டுவடமும் சேர்ந்தது மைய நரம்பு மண்டலம். மூளையிலிருந்து புறப்படும் 12 இணை நரம்புகளும், தண்டுவடத்திலிருந்து கிளைக்கும் 31 இணை நரம்புகளும் உடலெங்கும் பரவிப் புற நரம்பு மண்டலமாகின்றன. இவற்றின் அடிப்படை அலகு நரம்பணு. மனித மூளையில் மட்டும் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் இருப்பதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. ஒவ்வொரு நரம்பணுவுக்கும் ஓர் உடலும், பிற அணுக்களிடமிருந்து செய்தி பெறும் கிளைகளும், செய்தியைக் கடத்திச் செல்லும் ஆக்சான் என்னும் நீண்ட இழை ஒன்றும் உண்டு. கீழ்முதுகிலிருந்து பாதம் வரை செல்லும் இழைகள் சில ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுடையவை. பல இழைகளின் மீது மையலின் எனப்படும் கொழுப்புறை சுற்றப்பட்டிருப்பதால், செய்தி நொடிக்கு 100 மீட்டர் அளவுக்கு விரைந்தோட இயல்கிறது. ஓர் இழையின் முடிவுக்கும் அடுத்த அணுவுக்கும் இடையே சினாப்ஸ் எனப்படும் நுண்ணிய இடைவெளி உள்ளது. அதனை வேதிப்பொருள்களே கடந்து செய்தியை அடுத்த கரைக்குச் சேர்க்கின்றன.

நரம்பணு செய்தி அனுப்பாமல் ஓய்ந்திருக்கும் நேரத்திலும் அதன் உட்புறம், வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் குறைந்த மின்னழுத்தத்தில் இருக்க வேண்டும். அந்நிலையைக் காக்க, அணுவின் சவ்விலுள்ள புரத இறைப்பான்கள் ஒவ்வொரு முறையும் மூன்று சோடியம் அயனிகளை வெளியேற்றி இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே கொணர்கின்றன. ஊற்று நில்லாமல் ஊறும் கிணற்றில் ஏற்றம் இறைப்பவன் கை ஓயக் கூடாததைப் போல, இவ்வேலை ஒரு கணமும் நிற்பதற்கில்லை. உடல் எடையில் 2 விழுக்காடே உள்ள மூளை, உடல் ஓய்ந்திருக்கும்போது செலவாகும் ஆக்சிஜனில் 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்வதன் முதன்மைக் காரணமும் இதுவே. அந்த ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் உண்டாக்கும் இடம் அணுவுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா. அங்கே கடைசிப் படியாக நின்று ஆக்சிஜனைப் பயன்படுத்தும் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்னும் நொதியின் இரும்பில்தான் சயனைடு சென்று ஒட்டிக்கொள்கிறது. அதன்பின் குருதியில் ஆக்சிஜன் நிறைந்திருந்தும் அணுவால் அதனைப் பயன்படுத்த முடிவதில்லை. நஞ்சின் அளவு மிகுந்தால் முதலில் மூச்சு விரைகிறது. கழுத்துத் தமனியருகே ஆக்சிஜனை அளந்துகொண்டிருக்கும் சிற்றுறுப்புகள் பற்றாக்குறை என்று உணர்ந்து மூளைத்தண்டைத் தூண்டுவதே அதன் காரணம். பின்னர் மூளைத்தண்டிலுள்ள மூச்சு மையமே ஆற்றலிழந்து மூச்சு நிற்கிறது.

சிறு அளவுகளை உடல் தாங்கிக்கொள்கிறது. ஈரலிலும் பிற திசுக்களிலுமுள்ள ரோடனேஸ் என்னும் நொதி, சயனைடோடு கந்தகத்தைச் சேர்த்து, நச்சுத்தன்மை மிகக் குறைந்த தயோசயனேட்டாக மாற்றிச் சிறுநீர் வழியே வெளியேற்றுகிறது. இதற்கு வேண்டிய கந்தகம் மெத்தியோனின், சிஸ்டீன் என்னும் அமினோ அமிலங்களிலிருந்து வர வேண்டும். அவை மீன், முட்டை, இறைச்சி, பால் ஆகியவற்றிலும் தானியங்களிலும் கிடைக்கின்றன. மரவள்ளிக் கிழங்கிலோ புரதமே மிகச் சொற்பம். எனவே கிழங்கை மட்டுமே உண்பவர், நஞ்சைப் பெறுகிறார், அதனை முறிக்கும் பொருளைப் பெறுவதில்லை. கப்பை எனப்படும் இக்கிழங்கை நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துவிட்டு, மீன்குழம்போடு உண்ணும் கேரளத்து வழக்கம் இவ்விரு குறைகளையும் ஒருசேர ஈடுசெய்கிறது. வேதியியல் நூல்கள் எழுதப்படுமுன்னரே ஏழை வீடுகளின் அடுப்படியில் உருவான அவ்வறிவு மதிப்பிற்குரியது.

அந்த ஈடு இல்லாமற்போனபோது நேர்ந்தது, அன்றைய பெல்ஜியக் காங்கோவில் பணியாற்றிய இத்தாலிய மருத்துவர் ஜியோவானி ட்ரோலி 1938-இல் விவரித்த கொன்சோ என்னும் முடக்கநோய். 1981-இல் மொசாம்பிக்கின் நம்புலா மாநிலத்தில், கடும் வறட்சியில் பிற பயிர்களெல்லாம் அழிந்து, எஞ்சி நின்ற கசப்புக் கிழங்கை வாரக்கணக்கில் வெயிலில் உலர்த்தக் காத்திருக்க இயலாமல் மக்கள் உண்டபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் சிறுவரும் பிள்ளைபெறும் வயதுப் பெண்களும், ஓரிரு நாட்களுக்குள் கால் விறைத்து வீழ்ந்தனர். ஜூலி கிளிஃப், ஹான்ஸ் ரோஸ்லிங் ஆகிய மருத்துவர்கள் அந்நிகழ்வை ஆராய்ந்தோருள் குறிப்பிடத்தக்கவர்கள். நோயாளியின் அறிவும் தொடுவுணர்வும் கெடுவதில்லை. கால்கள் மட்டும் விறைத்து, நடக்க முயன்றால் முன்விரல்களை ஊன்றி, ஒன்றையொன்று குறுக்கிட்டு நகர்கின்றன. முழங்காலின் கீழ் மெல்லத் தட்டினால் கால் அளவுக்கு மீறித் துள்ளுகிறது.

இந்த அறிகுறிகள் நரம்பு மண்டலத்தின் ஒரு குறிப்பிட்ட பாதையைச் சுட்டுகின்றன. மூளையின் மேற்பரப்பில், இயக்கத்துக்குரிய பகுதியில் இருக்கும் நரம்பணுக்களின் இழைகள், மூளைத்தண்டின் அடிப்பகுதியில் பெரும்பாலும் இடம்வலமாக மாறித் தண்டுவடத்தில் இறங்குகின்றன. இவை மேல்நிலை இயக்க நரம்பணுக்கள். தண்டுவடத்தின் முன்பகுதியில் இருந்து தசைக்குச் செல்பவை கீழ்நிலை இயக்க நரம்பணுக்கள். தசை இழுபடும்போது அச்செய்தி தண்டுவடத்துக்குச் சென்று, மூளையைக் கேளாமலே தசையைச் சுருங்கச் செய்யும் அனிச்சை வளைவு ஒன்று உண்டு; மேலிருந்து வரும் பாதை அதனை இயல்பான அளவில் அடக்கிவைக்கிறது. கொன்சோவில் கீழ்நிலை நரம்பணுவும் அனிச்சை வளைவும் நலமாயிருக்க, மேல்நிலைப் பாதை மட்டும் பழுதுறுவதால், அடக்குவாரற்ற தசைகள் விறைத்துக்கொள்கின்றன. மைய நரம்பு மண்டலத்தின் இழைகள் மீண்டும் வளர்வது அரிது என்பதால் அப்பழுது வாழ்நாள் முழுதும் நிற்கிறது. வட இந்தியாவிலும் நடு இந்தியாவிலும் கேசரிப் பருப்பு உண்டோரிடம் கண்ட லத்திரிசம் என்னும் நோயும் இதே பாதையைத்தான் தாக்கியது; அப்பருப்பிலுள்ள நரம்பு நஞ்சை 1964-இல் பெங்களூரின் இந்திய அறிவியல் நிறுவனத்தில் எஸ். எல். என். ராவ், அடிகா, சர்மா ஆகியோர் பிரித்தெடுத்துக் காட்டினர். வறுமையில் ஒரே பயிரை நம்ப நேர்ந்தவர்களின் நோய் என்ற வகையிலும் இரண்டும் ஒன்றே.

நஞ்சு ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகச் சேரும்போது நேர்வது வேறு. நைஜீரியாவின் இபாதான் நகரில் பணியாற்றிய நரம்பியல் மருத்துவர் பெஞ்சமின் ஒசுண்டோகுன், 1960-களில் மரவள்ளியையே நாளும் உண்டவர்களிடம் கண்டு விரிவாக ஆராய்ந்த நோயில், பாதங்கள் மரத்துப்போயின. பார்வையும் செவியும் மங்கின. கண்ணை மூடிக்கொண்டு நின்றால் உடல் தள்ளாடியது. இங்கே கெடுபவை மூளையை நோக்கி ஏறும் உணர்வுப் பாதைகள். தன் கால் எங்கே இருக்கிறது, எவ்வாறு மடங்கியிருக்கிறது என்ற செய்தியைத் தசையிலிருந்தும் மூட்டிலிருந்தும் திரட்டித் தண்டுவடத்தின் பின்பகுதி வழியே மேலே கொண்டுசெல்லும் இழைகள் பழுதுற்றால், மனிதன் கண்ணின் உதவியால்தான் நிற்க முடிகிறது. கண் மூடினால் அவ்வுதவியும் போய்விடுகிறது. இவ்வகை நோயாளிகளைக் கேரள மருத்துவர்களும் பதிவுசெய்துள்ளனர். கொன்சோ பதிவான நாடுகளோ எல்லாம் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவையே.

சேலத்து ஜவ்வரிசி ஆலையில் கிழங்கு கடக்கும் படிகளை இந்த அறிவோடு நோக்கினால், மாவு பிரிக்கும் முறையே நஞ்சு நீக்கும் முறையாகவும் இருப்பது புலனாகும். முதலில் தோல் உரிக்கப்படுகிறது. நஞ்சு மிகுந்த பகுதி அங்கேயே கழிகிறது. அடுத்து கிழங்கு கழுவப்பட்டு இயந்திரத்தில் நீரோடு அரைபடுகிறது. ஏறத்தாழ எல்லா உயிரணுக்களும் கிழிபட்டு, லினமரினும் நொதியும் முழுமையாகக் கலக்கின்றன. வீட்டில் கிழங்கைத் துண்டுகளாக வேகவைக்கும்போது இது நிகழ்வதில்லை. வெப்பம் நொதியை அழித்துவிடுவதால் லினமரினின் ஒரு பகுதி துண்டுக்குள்ளேயே தங்கிவிடுகிறது, அதனால்தான் சிறு துண்டுகளாக நறுக்குவதும் நீரை வடிப்பதும் கட்டாயமாகின்றன. அரைத்த கூழ் சல்லடைகளில் வடிகட்டப்பட்டு, நார்க்கழிவான திப்பி ஒதுக்கப்படுகிறது. பால் போன்ற நீர் தொட்டிகளில் பல மணி நேரம் நின்று, மாவு அடியில் படிய, நஞ்சு கரைந்த மேல்நீர் வெளியேற்றப்படுகிறது. படிந்த ஈரமாவு உதிர்க்கப்பட்டு, குலுக்கி உருட்டப்பட்டு, மணிகளாகி, சூடான தட்டுகளில் வறுபட்டோ ஆவியில் வெந்தோ, சிமெண்ட் களத்தில் காய்கிறது. ஹைட்ரஜன் சயனைடு 26 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதிநிலையை எட்டும் பொருளாதலால், சேலத்து வெயிலில் எஞ்சியதும் காற்றோடு போகிறது. நஞ்சை அகற்றும் நோக்கத்தோடு எவரும் இப்படிகளை வகுக்கவில்லை. வெண்மையான மாவு வேண்டும் என்ற வணிகத் தேவையே அவற்றை வகுத்தது. ஆஸ்திரேலிய வேதியியலாளர் ஹோவர்டு பிராட்பரி, கொன்சோ பரவிய ஊர்களுக்காகப் பின்னாளில் பரிந்துரைத்த எளிய முறையும், மாவை நீரில் நனைத்து மெல்லியதாகப் பரப்பிச் சில மணி நேரம் விட்டுவைப்பது என்பதே.

இத்தகைய நீர்முறை கையிலிருந்ததால், தின்பதற்கு ஏற்றவை அல்லாத, மாவுச்சத்து மிகுந்த ஆலை இரகங்களை உழவர்கள் தயக்கமின்றிப் பயிரிட முடிந்தது. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963-இல் அமைந்த மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட எச்-165, எச்-226 ஆகியவையும், முள்ளுவாடி, குங்குமரோஸ் போன்றவையும் இச்சமவெளியில் பரவின; ஏத்தாப்பூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இப்பயிருக்கென இயங்குகிறது. 1981-இல் பதிவான சேகோசர்வ் என்னும் கூட்டுறவு அமைப்பு விற்பனையை ஒழுங்குசெய்ததும், 1997-இல் நாமக்கல் தனி மாவட்டமானபின்னும் இரு மாவட்ட ஆலைகளும் சேலத்து ஏலத்தையே நோக்கியிருந்ததும், 2023-இல் சேலம் ஜவ்வரிசி புவிசார் குறியீடு பெற்றதும் பலரும் அறிந்த செய்திகள்.

ஆயினும் நரம்பைக் காத்ததில் ஆலைக்கு இணையான பங்கு, சோற்றுக்கும் களிக்கும் உண்டு. இவ்வட்டாரத்து உழவர் குச்சிக்கிழங்கை விற்றார். அரிசியையும் கேழ்வரகையும் பருப்பையும் உண்டார். கிழங்கு அவருக்கு மாலைத் தின்பண்டமாகவும் அடையாகவும் அப்பளமாகவும் நின்றது. கொல்லிமலையில் இந்நிலை நுட்பமாக மாறிற்று. சாமை, தினை, கேழ்வரகு விளைந்த மலைச்சரிவுகளில், கீழே இருக்கும் ஆலைகளின் தேவையை ஒட்டி, மரவள்ளி இடம்பிடித்தது. கந்தக அமினோ அமிலங்கள் நிறைந்த சிறுதானியங்கள் குறைந்து, புரதமற்ற பணப்பயிர் பெருகியது. அம்மலைமக்கள் கிழங்கை ஆலைக்கு விற்று, நியாயவிலைக் கடையின் அரிசியை உண்பதால் நச்சுக்கு ஆளாகவில்லை என்றாலும், உணவின் செறிவு குறைந்தது மெய்யே. சிறுதானியங்களை அங்கு மீட்க எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நெடுங்காலம் உழைத்துவருவதற்கு, மரபுவளம் காப்பது என்ற காரணத்தோடு இதுவும் சேர்ந்தே எண்ணத்தக்கது.

மனிதர் தப்பிய இடத்தில் கால்நடைகள் முழுமையாகத் தப்பவில்லை. அறுவடையின்போது வயலோரம் கிடக்கும் பச்சை இலையையும், ஆலை முற்றத்தில் குவியும் புதிய தோலையும் பசியோடு தின்ற ஆடுமாடுகள் மூச்சிரைத்து, நடுங்கி, வலிப்புற்று விழுவது இப்பகுதி உழவர் அறிந்த துயரம். அசைபோடும் விலங்குகளின் முதல் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்களே லினமரினைப் பிளக்க வல்லவை என்பதால், அவை மற்ற விலங்குகளைவிட விரைவில் நஞ்சுக்கு ஆளாகின்றன. கால்நடை மருத்துவர் உடனே வந்தால் இரு மருந்துகள் உதவுகின்றன: சோடியம் நைட்ரைட், குருதியிலுள்ள ஹீமோகுளோபினின் ஒரு பகுதியை மாற்றி, நரம்பணுவின் நொதியைப் பற்றியிருக்கும் சயனைடைத் தன்பால் இழுக்கச் செய்கிறது, சோடியம் தயோசல்பேட், உடலுக்குப் பற்றாமற்போன கந்தகத்தை நேரடியாகத் தருகிறது. காலம் தாழ்ந்தால் இவை பயன்படுவதில்லை. 1985-இல் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்று அமைந்தது இவ்வட்டாரத்துக்குப் பெருந்துணையாயிற்று. இலையை வெயிலில் நன்கு உலர்த்தியோ, நறுக்கி ஊறுகாய்ப்புல்லாகப் பதப்படுத்தியோ கொடுத்தால் அதன் சயனைடு பெருமளவு குறைந்துவிடும். பச்சைத் தோலும் இலையும் கிடக்கும் இடத்தில் மாட்டை அவிழ்த்துவிடாமல் இருப்பதும் அறுவடை நாட்களில் தேவையான எச்சரிக்கை.